வேரில்லாத மஞ்சள் நூல்

அந்தக் காலத்தில் ஆடு பேசும், வேலி பேசும், வேலியில் வெயில் காயும் ஓணானும் பேசும். அப்படிப்பட்ட காலத்திலேயே சீரங்காயிக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலிக்கு மழையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஓணானோ என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். இந்த இரண்டையும் விட்டால் அவளைச் சுற்றி இருந்தது வெறும் கொறங்காடுதான். மழை பெய்தால் புல் முளைக்கும், பெய்யாவிட்டால் புழுதி பறக்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நான்கு பக்கமும் கிளுவை முள்வேலி, நடுவில் அவள் குடிசை.

முன்பு அங்கே அவளுடைய அண்ணன் வீடும் இருந்தது. கிணறு வற்றிய வருடம் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றோரம் போய்விட்டான். கிளம்பும்போது, நீயும் வருகிறாயா என்று தங்கையைக் கேட்கத்தான் செய்தான். சீரங்காயி புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகுட்டி இல்லாதவள். அண்ணியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவைத்தாள். இன்னொரு தடவை கேட்பான், கேட்டால் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை கேட்காத அண்ணனை அவள் யாரிடமும் குறை சொன்னதில்லை. சொல்ல யாரும் இருக்கவும் இல்லை.

வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை. மானாவாரியில் கம்பும் கொள்ளும் விதைப்பாள், ஓடையில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்வாள். மீதிப் பொழுதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பகல் என்பது அவ்வளவு நீளமானது என்று தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு பகலில்தான் வேலியில் ஒட்டிக்கொண்டிருந்த ஆட்டு மயிர் அவள் கண்ணில் பட்டது. இட்டேரி வழியாக, அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த அந்த மண்தடத்தின் வழியாக, ஆட்டுக்கிடை மந்தையாகப் போகும்போது முள்ளில் உரசி ஒவ்வொரு ஆடும் கொஞ்சம் மயிரை விட்டுவிட்டுப் போகும். அதை அவள் பொறுக்கி எடுத்தாள். பூந்திக்கொட்டை நுரையில் அலசி, நிழலில் உலர்த்தி, விரலால் பிரித்துப் பிரித்துப் பஞ்சாக்கித் தக்கிளியில் திரித்தாள். முதல் நாள் நூல் ஓர் இடத்தில் கயிறாகவும் ஓர் இடத்தில் இல்லாமலேயும் வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குடிசைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்ததோ, சிரித்தது தான்தானா என்று திரும்பிப் பார்த்தாளாம்.

பிறகு கை பழகிவிட்டது. சாயம் போடவும் கற்றுக்கொண்டாள். மஞ்சள் கிழங்கில் நனைத்துப் பார்த்தாள், நாலு வெயிலுக்குள் வெளுத்துவிட்டது. மஞ்சணத்தி வேர்ப்பட்டையை இடித்து ஊறவைத்து, படிகாரம் சேர்த்துக் காய்ச்சி, நூலை அதில் முக்கி எடுத்தாள். அந்த மஞ்சள் வெயிலுக்கும் மசியவில்லை, மழைக்கும் மசியவில்லை. அந்த நிறம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பொட்டல் காட்டில் பார்ப்பதற்கு அப்படி ஒரு நிறம் வேண்டியிருந்தது.

நெய்யலாம் என்றால் தறி வேண்டும், பாவு நூலைப் பிடிக்க எதிர்ப்பக்கம் இன்னோர் ஆள் வேண்டும். அந்த இன்னோர் ஆளுக்கு எங்கே போவது. அதனால் வேலங்குச்சி இரண்டை வழவழவென்று தேய்த்துக்கொண்டு, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் விட்டு, வரிசை வரிசையாகப் பின்னத் தொடங்கினாள். பின்னலுக்கு ஓர் ஆள் போதும், ஒரே நூல் போதும். அது அவளுக்காகவே ஏற்பட்ட வேலை மாதிரி இருந்தது.

ஆனால் பின்னியதைப் போட்டுக்கொள்ள ஆள் வேண்டுமே. தண்ணீர்ப் பானைக்கு ஒரு தொப்பி பின்னினாள். உலக்கைக்கு ஓர் உறை. குளிராதா என்ன என்று அம்மிக்குழவிக்கும் ஒன்று. ஓணானுக்குக் கழுத்துத் துணி ஒன்று பின்னிக் கொண்டுபோனாள், அது வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வேலிக்குள் ஓடிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. ஓணானிடமா கோபித்துக்கொள்வது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் கிடை ஆட்டுக்காரர்கள் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்துவிட்டு மேற்கே மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போவார்கள். மார்கழியில் அதே இட்டேரி வழியாகத் திரும்புவார்கள். அந்த வருடம் கிடை கடந்து போன பிறகு, வேலியோரத்தில் ஓர் ஆடு மட்டும் நின்றது. உடம்பெல்லாம் வெள்ளை, காது மட்டும் கறுப்பு. மயிர் கத்தரித்த மேனி, தூக்கிப் பிடித்த ஒரு கால். தோல் நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

சீரங்காயி ஓடிப்போய், யாரம்மா நீ என்று கேட்டாள்.

"கருங்காதிங்க்கா. கால்ல முள்ளேறி நடக்க முடியலீங்க. மார்கழியில வாறோம், அதுவரைக்கும் இங்கேயே இருன்னு உட்டுட்டுப் போயிட்டாங்க," என்றது ஆடு. கொஞ்சம் தயங்கிவிட்டு, "வயித்துல குட்டியிருக்குதுங்க," என்றும் சொன்னது.

சீரங்காயி முள்ளை எடுத்தாள், மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள், குடிசைக்குள்ளேயே இடம் கொடுத்தாள். அதன் பிறகு அந்தக் குடிசையில் நடந்த பேச்சைக் கேட்க வேண்டுமே. பேசிப் பேசி மாளவில்லை. கருங்காதி மலையடிவாரத்துப் புல்லைப் பற்றிச் சொல்லும், எந்தச் சுனையில் தண்ணீர் இனிக்கும் என்று சொல்லும், கிடையில் எந்த ஆட்டுக்கு எந்த ஆட்டோடு ஆகாது என்று சொல்லும். சீரங்காயி அண்ணன் வண்டி கட்டிய கதையைச் சொன்னாள். ஆடு முழுக்கக் கேட்டுவிட்டு, இரண்டாம் தடவை ஏன் கேட்கவில்லை என்று அதுவும் கேட்டது. அதுதானே என்றாள் சீரங்காயி. ஒருவர் அப்படிக் கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியது. கத்தரித்த மயிர் இன்னும் வளரவில்லை. அவளிடம் இருந்த மஞ்சள் நூல் அத்தனையையும் எடுத்துக் கருங்காதிக்கு ஒரு சட்டை பின்ன உட்கார்ந்தாள். கழுத்தில் தொடங்கி, முதுகை மூடி, வயிற்றைச் சுற்றி, வால் வரைக்கும். அளவு பார்க்க வேண்டும் என்று அடிக்கடி போட்டுப் பார்ப்பாள். அளவு சரியாகத்தான் இருந்தது. போட்டுப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சட்டை வால் பக்கம் வந்து சேர்ந்தது. கடைசி வரிசையின் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கட்டி, நுனியை முடிந்துவிட்டால் வேலை முடிந்தது. பின்னலில் அந்த ஒரு வரிசைதான் காவல். அதைக் கட்டாமல் விட்டால் மொத்தமும் திறந்து கிடக்கிற வீடு மாதிரி. சீரங்காயிக்கு அது தெரியாதா. தெரியும். தெரிந்தேதான் கட்டவில்லை. குச்சியை மட்டும் உருவிவிட்டு, நூலை அறுக்காமல், மீதி உருண்டையை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டை முடிந்துவிட்டதா என்று கருங்காதி கேட்கும்போதெல்லாம், இன்னும் ஒரு வரிசை இருக்கிறது என்பாள்.

ஆடு சட்டையோடு கொறங்காட்டில் மேயும். அவள் வாசலில் உட்கார்ந்து உருண்டையிலிருந்து நூலை விட்டுக்கொண்டே இருப்பாள். தனிமை தாங்காதபோது நூலைச் சுண்டி இழுப்பாள். இடுப்பில் சுண்டுவது தெரிந்ததும் கருங்காதி மேய்ச்சலை விட்டுவிட்டு, என்னங்க்கா என்று வந்து நிற்கும். இழுத்ததில் ஒன்றிரண்டு வளையம் அவிழ்ந்திருக்கும். சாயங்காலம் அதை எடுத்துக் கோத்துச் சரிசெய்துவிடுவாள். நூலை இழுத்தால் ஆடு வரும் என்று அவள் மனதில் பதிந்துபோனது இப்படித்தான். ஆடு வந்தது நூலுக்காக இல்லை, கூப்பிட்ட அவளுக்காக. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேலிக்குக்கூடத் தோன்றவில்லை.

மார்கழி வந்தது. பனி மூட்டத்துக்குள் கிடையின் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. கருங்காதி காதை நிமிர்த்தியது. அதன் கூட்டம், அதன் அக்கா தங்கைகள், குட்டி போட வேண்டிய பட்டி எல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்தன. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சட்டையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது.

"முடிச்சுட்டீங்களாக்கா?"

சீரங்காயி மடியில் இருந்த உருண்டையை முந்தானையால் மூடினாள். "முடிச்சாச்சு கண்ணு. போயிட்டு வா," என்றாள்.

ஆடு இட்டேரியில் இறங்கிக் கூட்டத்தோடு கலந்தது. அத்தனை வெள்ளைக்கும் நடுவில் ஒரு மஞ்சள் போய்க்கொண்டிருந்தது. சீரங்காயி நூலின் நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். உருண்டை உருண்டு உருண்டு இளைத்தது. விரல் வழியாக நூல் ஓடியபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை தூரம் போன பிறகும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கிடை வளைவில் திரும்பி மறைந்தது. உருண்டை தீர்ந்து நூல் விறைத்து நின்றது. அப்போது அவள் சுண்டி இழுத்தாள்.

நூல் வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. கருங்காதி திரும்பி வருகிறது என்று நினைத்தாள் சீரங்காயி. இழுத்து இழுத்து மடியில் போட்டாள். வந்ததும் கொடுக்கலாம் என்று கொள்ளுச்சட்டி எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்ணால் தேடினாள். வளைவைப் பார்த்தாள். பனிதான் இருந்தது. மடியைப் பார்த்தாள்.

நூல் நெளிநெளியாக இருந்தது.

உருண்டையிலிருந்து போன நூல் நேராக இருக்கும். பின்னி அவிழ்த்த நூல்தான் வளையத்தின் நெளிவு போகாமல் சுருண்டு வரும். நூல் திரிக்கிறவளுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் புரியாதா. ஆடு வரவில்லை, ஆட்டின் மேல் இருந்த சட்டைதான் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்திருந்தால் போதும். சட்டையில் முக்கால்வாசி ஆட்டின் மேல் தங்கியிருக்கும். மணிக்கட்டை வாய் வரைக்கும் கொண்டுபோனாள். நூல் உதட்டில் பட்டது. அறுத்துவிட்டால் அவளுக்கும் கருங்காதிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சீரங்காயி கடிக்கவில்லை. இழுப்பதை மட்டும் நிறுத்தினாள். ஆனால் ஆடு நடந்துகொண்டிருந்ததே. மடியில் கிடந்த நூல் மறுபடியும் விரல் வழியாகப் போனது, விறைத்தது, ஆட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வளையம் அவிழ்ந்தது, பிறகு ஒரு கட்டத்தில் தொய்ந்து கிளுவை முள்ளின் மேல் விழுந்தது. நூலின் அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை.

அவள் எழுந்து ஓடினாள். இட்டேரி நெடுக, வேலி மேல் மஞ்சள் நூல் மாட்டிக்கொண்டு கிடந்தது. கிடை ஆற்றைக் கடந்து போய்விட்டது. மணிச் சத்தமும் கேட்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அவளுக்கு மனம் வரவில்லை. இந்த நூலைப் பிடித்துக்கொண்டே கருங்காதி ஒருநாள் திரும்பி வரும், வழி தெரிய வேண்டாமா என்று சொல்லிக்கொண்டாள். நுனி மணிக்கட்டிலேயே இருந்தது. தை மாதத்துக் காற்று அடிக்கும்போது நூல் முள்ளிலிருந்து எழும்பிப் படபடக்கும். அறுந்துவிடுமோ என்று அவள் உயிர் துடிக்கும். அப்படி ஒரு நாள் வேலியோரம் நின்று நூலைத் தடவிக் கொடுத்துச் சொன்னாள்.

"அறுந்துராத சாமி. எதையாச்சும் கெட்டியாப் புடிச்சுக்க. என்ன ஆனாலும் உட்ராத."

சொன்னது காதில் விழுந்தால் எல்லாமே கேட்டு நடந்த காலம் அது. நூல் கிளுவைக் கொம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. நூலில் இருந்த நெளிவு அதற்கு வசதியாகப் போயிற்று. சீரங்காயிக்குக் கொஞ்சம் நிம்மதி. கோடையில் நிறம் மங்கிவிடக் கூடாது என்று மஞ்சணத்திச் சாயம் காய்ச்சி, சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலி நெடுக ஊற்றிக்கொண்டே போவாள். ஒற்றைப் பொம்பிளை வேலிக்குச் சாயம் ஊற்றுகிறாளே என்று சிரிப்பதற்குக்கூட அங்கே யாரும் இல்லை.

ஆடி மாதத்தில் வேலி முதல் முறையாக மழையைத் தவிர வேறு ஒன்றைப் பேசியது. உன் நூல் எங்களை இறுக்குகிறது, எங்கள் சாற்றை உறிஞ்சுகிறது, எடுத்துக்கொள்ளம்மா என்று கெஞ்சியது. பார்த்தால் நூல் பருத்திருந்தது. அதற்கு உயிர் வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுத்துக்கொள் என்று வேலிக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள் சீரங்காயி. தன் வலி இருக்கும்போது அடுத்தவர் வலி கொஞ்சம் மெதுவாகத்தான் காதில் விழும்.

புரட்டாசியில் கிடை வந்தது. கருங்காதியும் வந்தது, தனியாகத்தான் வந்தது. நூலைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதற்குத்தான் வழி தெரியுமே. நேராக வாசலுக்கு வந்து, நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டது. சீரங்காயி அதன் பின்னால் எட்டிப் பார்த்தாள். குட்டி எங்கே என்று கேட்டாள்.

"அந்தப் பனியில தங்கலீங்க்கா," என்றது ஆடு.

முதலில் இடுப்பில்தான் சில்லென்றிருந்தது, ஆற்றுக் காற்று என்று நினைத்துக்கொண்டதாம். பிறகு முதுகு. தண்ணீரைக் கடந்து கரையேறித் திரும்பிப் பார்த்தபோது மேலே ஒன்றும் இல்லை. அன்று முழுக்க உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. பட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிற்றில் இருந்தது அசைவதை நிறுத்திவிட்டது. இதையெல்லாம் கருங்காதி குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னது. சீரங்காயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"முடிச்சுட்டா நீ போயிருவேன்னு நெனச்சேன்."

ஆடு கொஞ்ச நேரம் அசைபோட்டது. "நான் போறவதானுங்க. முடிச்சாலும் போவேன், முடிக்காட்டியும் போவேன். முடிச்சுக் குடுத்திருந்தீங்கன்னா, அதைப் போட்டுக்கிட்டு வருசா வருசம் வந்திருப்பனுங்க்கா," என்றது.

கிடை நிற்காது. மணிச் சத்தம் வளைவை நெருங்கியது. கருங்காதி அவள் கையை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தை நோக்கி நடந்தது. இந்தத் தடவை அதன் மேல் எந்த நூலும் இல்லை. சீரங்காயி அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணிக்கட்டை வாயில் வைத்து, அன்று கடிக்காத நூலை இன்று கடித்து அறுத்தாள். குடிசையோடு, மண்ணோடு நூலுக்கு இருந்த ஒரே பிடிப்பு அன்றோடு போயிற்று.

அந்த நூலைச் சேர்த்தெடுத்து, இன்னொரு சட்டை பின்னி, ஒழுங்காகக் கட்டி முடித்து, அடுத்த தடவை கருங்காதி வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வேலிக்குப் போனாள். இழுத்தாள். வரவில்லை. கொம்பு கொம்பாக இறுகச் சுற்றிக்கொண்டு, அந்தக் கொம்புகளைக் காயவைத்துக்கொண்டு, நூல் பச்சைக் கிளுவை மேல் மஞ்சளாகப் படர்ந்து கிடந்தது. அவள் கெஞ்சினாள். போதும், ஆடு வந்துவிட்டுப் போய்விட்டது, இனி யாரையும் பிடிக்க வேண்டாம், விட்டுவிடு என்றாள்.

"புடிக்கச் சொன்னீங்க, புடிச்சுக்கிட்டேன்," என்றது நூல். "எப்படி உடறதுன்னு நீங்க சொல்லித் தரலீங்களே."

சீரங்காயிக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்லித் தருவாள். வேலிக்காவது உதவலாம் என்று கொஞ்சம் பிய்த்துத் தூர எறிந்தாள். விழுந்த இடத்தில் அது நெளிந்து, பக்கத்தில் நின்ற செடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் பிய்க்கவில்லை.

மறுபடியும் முள்ளில் இருந்த மயிரைப் பொறுக்கி, அலசி, புதிதாக நூற்றாள். மார்கழிக்குள் ஒரு சட்டை முடிந்தது, கடைசி வரிசையும் கட்டியாகிவிட்டது. கருங்காதி வந்து அதை வாங்கிக்கொண்டதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. சட்டை மடித்து வாசலில் வைக்கப்பட்டிருந்தது என்பது வரைக்கும்தான் கதை சொல்கிறது.

அன்று முதல்தான் வேரும் இல்லாமல், இலையும் இல்லாமல், வெறும் மஞ்சள் நூலாக அந்தக் கொடி வேலிகளின் மேல் கிடக்கிறது. அம்மையார் கூந்தல் என்று ஊரில் பெயர் வைத்திருக்கிறார்கள். எது கைக்கு எட்டுகிறதோ அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது, பிடித்த செடி தன் கைக்குள்ளேயே வாடினாலும் விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.